ஒன்றாம் எண்ணின் உயரம்

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அஃது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்துப் பயன்படுத்துவார் எவருமில்லை. கழுத்து நீண்டிருந்தமையால் பள்ளிப் பருவத்திலேயே அவரை ஒட்டகச்சிவிங்கி என்றார்கள். அத்துணை நீளமான பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கூப்பிட்ட காரணம் மறந்துபோவதால், முன்பாதியை வெட்டிவிட்டுச் சிவிங்கி என்றாக்கினார்கள். தனியே சொன்னால் அது வேகமாக ஓடும் வேறொரு விலங்கைக் குறிக்கும் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. அவரோ, பேருந்து நிலையத்திலேயே பணி செய்தும், தம் வாழ்நாளில் ஒரு பேருந்தின் பின்னாலும் ஓடியறியாதவர்.

காலையில் கண் விழித்ததும் கழுத்தை இருபுறமும் திருப்பி, அது தம்மோடுதான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்வார். செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்புகளை முதலில் படிப்பார். தம்மினும் இளையவர் எவரேனும் அதில் இடம்பெற்றிருந்தால் அன்று மட்டும் இரண்டாவது காபி கேட்பார். வாசல் எவ்வளவு உயரமாயினும் குனிந்தே நுழைவார். இது பணிவன்று, பயணச்சீட்டுக் கூண்டு கற்றுக்கொடுத்தது. அக்கூண்டின் சன்னல் நெஞ்சுயரத்துக்கும் கீழே வெட்டப்பட்டிருந்தது. பணிக்காலம் முழுவதும் கழுத்தை மடக்கி, பயணிகளின் முகத்தை விட்டுவிட்டு அவர்களுடைய சட்டைப் பொத்தான்களோடு பேசி ஓய்வு பெற்றவர் அவர். அங்கிருந்த சீட்டு இயந்திரம், பொத்தானைத் தொட்டால் மதிக்காது. விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் முனகியபடி ஒரு சீட்டைக் கக்கும். ஆதலால் எந்தப் பொத்தானையும் அழுத்திப் பிடிப்பதே அவருடைய கட்டைவிரலின் சுபாவமாயிற்று. அவர் ஒரு வீட்டின் அழைப்புமணியை அழுத்தினால் எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைத் தேடிக்கொண்டு வெளியே வருவார்.

சிவிங்கி மணம் செய்துகொள்ளவில்லை. கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, "கட்டு அவிழ்க்கிற வரைக்கும் எங்க வீட்ல இருங்கண்ணே" என்று தங்கை அழைத்துவந்தாள். கட்டு அவிழ்த்து ஆண்டுகள் ஆயின. இஸ்திரி மேசையும் பழைய மிதிவண்டியும் குடியிருந்த அறையில் அவருக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். கட்டிலுக்கடியில் அவருடைய பெட்டி இன்றளவும் பிரித்து அடுக்கப்படாமலே கிடந்தது. இருங்கள் என்று எவரும் சொன்னதில்லை. போங்கள் என்றும் சொன்னதில்லை. இந்த வீட்டில் தமக்கு இடம் உண்டா, அன்றித் தம்மை அனுப்ப மறந்துவிட்டார்களா என்னும் ஐயம், சட்டைக் காலரில் ஒட்டிய விலைச்சீட்டைப் போல அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

தங்கையின் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உருவத்தில் சிறியவர், குரலில் அந்தக் குறையை நிரப்பிக்கொண்டவர். நாளெல்லாம் குனிந்து சட்டகத்தில் வில்லை பொருத்துபவராதலால் அவர் தமக்கென ஒரு நாற்காலி வாங்கினார். சாய்வதற்கும் காலை நீட்டுவதற்கும் அதில் மோட்டார் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைத்தாங்கி தானே ஏறும், தானே இறங்கும். கொண்டுவந்து பொருத்திய கடை ஊழியர் கைப்பிடியின் உட்புறத்தைக் காட்டி விளக்கினார்.

"இந்த அம்புக்குறி ஏத்தும், இது இறக்கும். தலைக்குச் சரியா வந்ததும் இந்த நம்பரை அழுத்திப் பிடிங்க. டிங்னு ஒரு சத்தம் வரும். அப்புறம் நம்பரை லேசாத் தட்டினாப் போதும், அதே உயரத்துக்குத் தானா வந்து நிக்கும். மனுஷன் மறந்தாலும் சேர் மறக்காது சார்."

ஒன்றாம் எண் கண்ணாடிக்கடைக்காரருக்கு, இரண்டாம் எண் தங்கைக்கு என்று பதிவாயிற்று. இரண்டின் உயரம் ஒன்றைவிட ஒரு விரற்கடை கூடுதலாக நின்றது. மனைவி கணவனைவிடச் சற்றே உயரம் என்பது அந்த வீட்டில் பேசப்படாத பொருள். ஊழியரும் அதைப் பார்க்காததுபோல் திருப்புளியைத் துடைத்தார்.

"மூணாம் நம்பர் எங்க இருக்கு?" என்று கேட்டார் சிவிங்கி.

"மூணு கிடையாது சார். வீட்டுக்கு ரெண்டு பேர்ங்கிறது கம்பெனி கணக்கு."

தங்கையின் மகள் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமலே, "எனக்கு வேணாம்ப்பா, நான் தரையிலதான் கிடப்பேன்" என்றாள். எல்லாருடைய பார்வையும் சிவிங்கியின்மேல் திரும்பிற்று.

"எனக்கெதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்? மோட்டார் சத்தம் கேட்டாலே எனக்கு ஆகாது. சமையலறை ஸ்டூல் போதும்."

"அதானே, மச்சானுக்கு எதுலயும் ஆசை கிடையாது" என்று கண்ணாடிக்கடைக்காரர் நிம்மதியோடு ஒன்றைத் தட்டிச் சாய்ந்தார்.

மறுநாள் கணவர் கடைக்கும், தங்கை பள்ளிக்கூட அலுவலகத்துக்கும், மகள் இயன்முறை மருத்துவக் கல்லூரிக்கும் போன பிறகு, எதிலும் ஆசையில்லாத மனிதர் கூடத்துக்கு வந்து சன்னல் திரையை இழுத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். ஏறும் அம்புக்குறியை அழுத்தினார். தலைத்தாங்கி அவருடைய முதுகைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்தின் நெடுஞ்சாலையில் பயணம் செய்து, இனி மேலே போக இடமில்லை என்ற கட்டத்தில் பிடரியைத் தொட்டது. அவர் அயர்ந்துபோனார். அத்தனை வயதில் அவருடைய பின்தலை ஒரு நாற்காலியின் மெத்தையைச் சந்திப்பது அதுவே முதல் முறை. பேருந்தில், திரையரங்கில், முடிதிருத்தகத்தில், பல் மருத்துவரிடத்தில், எல்லா நாற்காலியும் அவருடைய தோளோடு வழியனுப்பிவிட்டு நின்றுவிடும். இஃதொன்றே வீட்டு வாசல்வரை வந்து விட்டுச் சென்றது. வாயைத் திறந்தபடி மாலைவரை உறங்கினார்.

இவ்வாறு நாள்தோறும் நடந்தது. ஏற்றுவதும், அவர்கள் வருமுன் இறக்குவதுமாகக் காலம் போயிற்று. ஒருநாள், தலைத்தாங்கி உச்சத்தில் இருக்கையில், எண்ணைத் தட்டினால் அதுவே இறங்கிக்கொள்ளுமே என்று அவருக்குத் தோன்றியது. யோசனை சரிதான். ஆனால் தட்டவேண்டியது எண்ணை. தட்டப் போனதோ சீட்டுக் கூண்டில் வளர்ந்த கட்டைவிரல். அது தன் சுபாவப்படி ஒன்றாம் எண்ணை விடாமல் அழுத்திப் பிடித்தது.

டிங்.

சத்தம் இனிமையாக இருந்ததால் நல்லதே நடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு, வழக்கம்போல் அம்புக்குறியால் இறக்கிவிட்டு எழுந்தார்.

அன்று மாலை கண்ணாடிக்கடைக்காரர் வந்தார்; அமர்ந்தார்; ஒன்றைத் தட்டிக் கண்களை மூடிக்கொண்டார். தலைத்தாங்கி அவருடைய தலையை விட்டு மேலே மேலே ஏறி, கோபுரத்தின் உச்சியில் நின்றது. அவர் தலை பின்னாலிருந்த வெற்றிடத்தில் தொங்கிற்று.

"என்னம்மா இது? பிடரியில காத்து வருது!"

பக்கத்தில் நின்ற சிவிங்கிக்கு நொடியில் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

"யாராவது சேரைத் தொட்டீங்களா?" என்று அதற்குள் அதட்டல் வந்தது.

"யாருப்பா தொடுறா? பகல்ல மாமா மட்டும்தான். அவருக்குத்தான் மோட்டார் சத்தமே ஆகாதே" என்றாள் மகள்.

திறந்த வாயைச் சிவிங்கி ஒரு கொட்டாவியாக்கி மூடினார்.

கண்ணாடிக்கடைக்காரர் இரண்டைத் தட்டிப் பார்த்தார். தலைத்தாங்கி இறங்கி, என்றும் நிற்கும் இடத்தில் நின்றது. அதிலிருந்துதான் விபரீதம் தொடங்கிற்று.

"ரெண்டு சரியா வருது. அப்ப சேர்ல கோளாறு இல்ல. சேர் மறக்காதுன்னு அந்த ஆளு அடிச்சுச் சொன்னான்." அவர் முகம் வெளிறியது. "சேர் மாறலைன்னா... நான்தான் மாறியிருக்கேன். நான் குள்ளமாயிட்டு வர்றேன்."

"ஒரே நாள்ல எப்படிப்பா இவ்வளவு?"

"நேத்து வரைக்கும் நான் கவனிக்கல, அவ்வளவுதான்."

அளவு நாடா வந்தது. நிலைப்படியில் சாய்த்து நிறுத்தி மகள் அளந்தாள். அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் எழுதியிருந்த உயரத்தைவிட இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. ஐயம் தீர்ந்தது. உரிமத்தில் இருந்த உயரம், பெண் பார்க்கப் போகும் நாளுக்காக அவரே கூட்டி எழுதிக்கொண்டது என்பதை இத்தனை ஆண்டுகளில் அவர் மறந்தே போயிருந்தார். தங்கைக்கு அது நினைவிருந்தது. அவள் அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டுச் சோறு வைக்கப் போனாள்.

அம்புக்குறியால் இறக்கிக்கொண்டு அவர் சுகமாகச் சாய்ந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியது சுகமன்று, பழைய உயரம். கடைக்கு அடிப்பாகம் தடித்த காலணியில் போனார். மாலையில் மொட்டைமாடிக் கம்பியில் தொங்கினார். மகள் கீழே நின்று தான் படிக்கும் பாடத்தை அவருடைய கால்களில் பரிசோதித்தாள். தொங்கி முடித்ததும் நேரே வந்து ஒன்றாம் எண்ணைத் தட்டுவார். பிடரியில் காற்று வரும்.

பகலில் சிவிங்கி மனம் வருந்தினார். வருந்துவதற்கும் சாய்ந்துகொள்ள ஓரிடம் வேண்டுமாதலால் நாற்காலியில் அமர்ந்தே வருந்தினார். இப்போது ஒன்றைத் தட்டினாலே அது அவருடைய உயரத்துக்கு வந்துவிடுகிறது. இன்று சொல்லிவிடலாம் என்று காலையிலும், நாளை சொல்லலாம் என்று மாலையிலும் முடிவு செய்தார்.

கண்ணாடிக்கடைக்காரரிடத்தில் வேறொரு மாறுதலும் தோன்றிற்று. குறைந்துகொண்டே போகிறவன் எதற்குக் கத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் தணிந்தது. தட்டைத் தாமே கழுவி வைத்தார். தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரைத் திட்டுவதை நிறுத்தினார். ஒரு மாலை சிவிங்கியின் அறை வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நான் இப்படியே தேய்ஞ்சுக்கிட்டே போனா இவங்களுக்கு யார் இருக்கா? நீங்க இந்த வீட்டை விட்டு எங்கயும் போகக்கூடாது. இது உங்க வீடு. அந்தப் பெட்டியைப் பிரிச்சு அடுக்குங்க முதல்ல. அலமாரி நான் ஒழிச்சுத் தர்றேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தச் சேரும் இனிமே உங்களுக்குத்தான். எனக்கு அதுல உட்காரவே மனசு வரல" என்றார்.

இத்தனை ஆண்டுகள் காத்திருந்த சொல் வந்தே விட்டது. வந்த வழி மட்டும் திருட்டு வழியாய்ப் போயிற்று. சிவிங்கி தலையசைத்தார். நீண்ட கழுத்தாதலால் அந்தத் தலையசைப்பு ஓயச் சற்று நேரமாயிற்று. அலமாரி ஒழிந்தது, ஆனால் பெட்டியைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை.

மறுநாள் அவர் சமையலறை ஸ்டூலில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில், தங்கை வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, இன்னிக்குச் சேர்ல ஒன்னாம் நம்பரைத் தட்டிப் பார்த்தேன்."

அவர் வெங்காயத்தில் கவனமாக இருந்தார்.

"அந்த உயரத்துக்கு இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு கழுத்துதான் இருக்கு."

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். தினமும்."

"சொல்லித் தொலைக்காதீங்க."

அவர் நிமிர்ந்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் இந்த மனுஷன் தட்டைக் கழுவுறாரு. 'உனக்கு என்ன வேணும்'னு நேத்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. எனக்குப் பதிலே தெரியல, யாரும் கேட்டதில்லையே! இன்னும் கொஞ்ச நாளைக்குக் குள்ளமாவே இருக்கட்டும்ணே. ஒன்னும் செத்துடமாட்டாரு."

"பாவம், கம்பியில தொங்குறாரே."

"தொங்கட்டும். உடம்புக்கு நல்லது."

அவள் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு போனாள். தங்கையின் அனுமதியும் கிடைத்துவிட்டமையால், இனி அவர் சொல்லாதிருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அலமாரி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, வாயைத் திறக்காமல் இருந்தால் இரண்டும் அவருடையவை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு வாழ்நாள் பழக்கமும் உண்டு.

ஆயினும், வார இறுதியில் அவர் கண்ணாடிக்கடைக்குப் போக நேர்ந்தது. அங்கே தச்சர் ஒருவர் சுவரிலிருந்த அடுக்குகளையெல்லாம் கழற்றி ஒரு முழம் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் பிரேம்களைப் பார்க்கக் குனிந்து நின்றார்கள். நெட்டையான ஒருவர் கழுத்தை மடக்கி, அடுக்கினுள் தலையை விட்டுத் தேடியதைக் கண்டபோது, சிவிங்கிக்குத் தம் பழைய கூண்டே எதிரில் நிற்பதுபோல் இருந்தது.

"எதுக்கு மாப்பிள்ளை இது?"

"இப்பவே இறக்கிட்டா அப்புறம் சிரமம் இல்ல பாருங்க. நாளைக்கு ஆளை இழுத்து உயரமாக்குற இடத்துக்கும் போறேன், விளம்பரத்துல பார்த்தேன். கட்டில்ல படுக்கவச்சு, தாடையில ஒரு பட்டை, கணுக்கால்ல ஒரு பட்டை. மோட்டார் போட்டு இழுப்பாங்களாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பதிவு பண்ணப் போனப்பவே, கழுத்து கொஞ்சம் பிசகலாம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. பிசகினா பிசகட்டும். பொண்ணு கல்யாணத்துல நான் மேடையில நிக்கணும் மச்சான். யாரும் எட்டிப் பார்த்து 'அப்பா எங்கே'ன்னு கேக்கக்கூடாது."

சிவிங்கி வீட்டுக்குத் திரும்பினார். அன்று நாற்காலியில் அமரவில்லை.

மறுநாள் காலை கண்ணாடிக்கடைக்காரர் தடித்த காலணியோடு புறப்பட்டுக் கூடத்தில் நின்றார். மகள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். சிவிங்கி தம் அறையிலிருந்து குனிந்து வெளிப்பட்டார்.

"மாப்பிள்ளை, ஷூவைக் கழட்டுங்க."

"எதுக்கு? நேரமாச்சு."

"கழட்டுங்க. வந்து சேர்ல உட்காருங்க."

அந்தக் குரலைச் சிவிங்கியிடம் எவரும் கேட்டதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் காலணியைக் கழற்றிவிட்டு அமர்ந்தார். சிவிங்கி பக்கத்தில் மண்டியிட்டு ஒன்றாம் எண்ணைத் தட்டினார். தலைத்தாங்கி உச்சிக்குப் போயிற்று.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! நேத்தைவிட அதிகம்" என்று மைத்துனர் பதறினார்.

சிவிங்கி இறங்கும் அம்புக்குறியை அழுத்தினார். "தலைக்குச் சரியா வந்ததும் சொல்லுங்க."

"இன்னும் கீழ... கீழ... நிறுத்துங்க. இதான்."

"வாங்கின அன்னிக்கும் இதான்." ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்தார். டிங். "இதே சத்தம் அப்புறம் ஒருநாள் மறுபடி வந்துச்சு. அப்ப இதுல இருந்தது என் தலை. தட்டுறதுக்குப் பதிலா அழுத்திப் பிடிச்சுட்டேன். தினமும் நான் இதுலதான் தூங்குறேன் மாப்பிள்ளை. மோட்டார் சத்தம் ஆகாதுன்னு சொன்னது பொய். நீங்க ஒரு நூல்கூடக் குறையல."

கண்ணாடிக்கடைக்காரர் கழற்றி வைத்த காலணியைப் பார்த்தார். பிறகு பழைய குரல், சிறிதும் தேயாமல், முழு அளவில் திரும்பி வந்தது.

"அப்ப நான் கம்பியில தொங்கினது? கடை அடுக்கை இறக்கினது? ஊரெல்லாம் என் ஷூவைப் பார்த்துச் சிரிச்சது? எல்லாத்தையும் ஸ்டூல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீங்களா மச்சான்?"

"ஸ்டூல்ல இல்ல. சேர்லதான்."

மகள் சிரிப்பை அடக்க மாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"லைசென்ஸ்ல ரெண்டு விரக்கடை கூடுதலா இருக்கே, அது?" என்று அவர் மனைவியைப் பார்த்தார்.

"பொண்ணு பார்க்க வந்தப்பவே நீங்க இந்த உயரம்தாங்க" என்றாள் அவள். "நான்தான் அன்னையிலேர்ந்து தட்டைச் செருப்பாப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் பின்னால் சாய்ந்தார். தலைத்தாங்கி அவருடைய பிடரியை இதமாகத் தாங்கிக்கொண்டிருந்தமையால் முழு மூச்சோடு கோபப்படவும் அவரால் இயலவில்லை. கடைசியில் ஒரு கையை நீட்டிச் சிவிங்கியின் அறையைக் காட்டினார்.

"நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் தேய்ஞ்சு போறவன் சொன்னது. இப்ப நான் தேயல. அதனால அதெல்லாம் கணக்குல கிடையாது. வீடு, அலமாரி, சேர், எதுவும்!"

"சரி மாப்பிள்ளை" என்றார் சிவிங்கி.

அவர் எழுந்து தம் அறைக்குப் போனார். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டி இழுபடும் ஓசை கேட்டது. தங்கை கணவரை முறைத்தாள். கணவர் கைப்பிடியிலிருந்த பொத்தான்களை மும்முரமாக ஆராய்ந்தார். "மாமா!" என்று மகள் எழுந்து ஓடினாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. சிவிங்கி சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, ஒழித்துக் கொடுக்கப்பட்ட அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி காலியானதும் அதை மூடி, பழைய மிதிவண்டியின்மேல் வைத்தார். பிறகு கூடத்துக்கு வந்தார். நிலைப்படியில் குனியவில்லை, தலை இடிக்கவுமில்லை.

"நாளைக்குப் போய் எனக்குன்னு ஒரு சேர் வாங்கிட்டு வரப் போறேன் மாப்பிள்ளை" என்றார். "சன்னல் பக்கம்தான் போடலாம்னு இருக்கேன்."